தென்முனை இல்லாத இரண்டு ரூபாய்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. கதை என்றாலே பொய்தானே என்று நீங்கள் சிரிக்கலாம். நான் சொல்வது அந்தப் பொய் இல்லை. 2012 செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை, என் வீட்டு முன்னறையில், ஒரு பெண் கேட்ட கேள்விக்கு நான் "இல்லை" என்றேன். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லைச் சரிசெய்ய மூன்று வருடமாகக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நேரில் போய்ச் சொல்லியிருந்தால் ஒரு பஸ் டிக்கெட்டோடு முடிந்திருக்கும்.

என்ன கேள்வி என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொல்லும் தைரியம் இருந்தால் எனக்கு எதற்குக் கதை?

என் பெயர் தாணுமாலயன். அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி உலகம்மாள் 2009இல் போய்ச் சேர்ந்தாள். மகள் லட்சுமிப்ரியா பெங்களூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். மற்ற ஆறு நாளும் நான் நாணயங்களோடு பேசிக்கொண்டிருப்பேன். தப்பாக அச்சடிக்கப்பட்ட நாணயங்களைச் சேர்ப்பது என் பைத்தியம். சேர்ப்பவர்களுக்காக வரும் ஒரு மாதப் பத்திரிகையில் அதைப் பற்றி எழுதவும் செய்கிறேன். இந்த மாவட்டத்தில் அந்த விஷயத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன்.

2

தொடக்கங்கள்.

முதலாவது: "மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மண் கறுப்பு. காலையில் அது" — வேண்டாம். சுற்றுலாக்காரன் எழுதியது போலிருக்கிறது.

இரண்டாவது: "நாணயங்களைப் பற்றி எனக்குத் தெரியாதது குறைவு." இதை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அடித்தேன். அடித்த கோடு தெரியட்டும் என்றுதான் இங்கே விட்டிருக்கிறேன்.

மூன்றாவது: "செசிலி வந்தபோது நான் இன்னும் குளித்திருக்கவில்லை." இது உண்மை. இது இருக்கட்டும்.

(செசிலி அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. சிலுவை என்று வரப்போகிறவருடையதும் இல்லை. அவர்கள் பெயரை மாற்றிவிட்டு என் பெயரை மட்டும் அப்படியே வைத்திருக்கிறேன். யார்மேல் குற்றம் என்பதில் குழப்பம் வரக்கூடாது.)

3

கதை ஓடுவதற்கு முன் ஒரு சின்னப் பாடம். லட்சுமிப்ரியா வாசித்தால் இந்தப் பகுதியைத் தாவிவிடுவாள். நீங்கள் தாவாதீர்கள்.

ஒரு நாணயம் ஒரே அடியில் பிறக்கிறது. இரண்டு அச்சுகளுக்கு நடுவே வெறும் உலோக வில்லை இருக்கும். மேலிருந்து ஓர் அடி விழும். அந்த அடியில் நேர்ந்தது மட்டும்தான் அச்சுத் தவறு. அச்சு விலகியிருக்கலாம், விரிசல் விட்டிருக்கலாம், அச்சின் பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்திருக்கலாம். அதற்குப் பிறகு அந்த நாணயம் ரயில் சக்கரத்தில் நசுங்கினாலும், தட்டானின் அமிலத்தில் ஊறினாலும், யாரோ வேலையற்றவன் கல்லில் உரசினாலும், அதெல்லாம் சேதம். சேதத்துக்கு எங்கள் கூட்டத்தில் மதிப்பில்லை.

என்னிடம் வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் கொண்டுவருவது சேதம். இணையத்தில் லட்சக்கணக்கில் போகிறதாமே என்பார்கள். இல்லை என்பேன். முகம் தொங்கிவிடும். பிறகு அவர்கள் வருவதில்லை.

பிரித்தறிய வழி உண்டு. அடிபட்டால் அந்த இடம் பள்ளமாகும், உலோகம் ஒதுங்கி ஓரத்தில் வரம்பு கட்டியிருக்கும். அரித்தால் குழி குழியாக இருக்கும். மணல் உரசினால் முகம் முழுவதும் தேயும். ஒரு மூலையை மட்டும் பார்த்துத் தேய்க்க மணலுக்குத் தெரியாது. பிசுக்கு அடைத்த அச்சில் பிறந்தது வேறு மாதிரி. கோடு மெல்ல மங்கி, மங்கி, இல்லாமல் போகும். அது இல்லாத இடமும் மற்ற இடத்தோடு ஒரே மட்டமாக இருக்கும். அங்கே எதுவும் அழிந்திருக்காது. முதலிலிருந்தே அங்கே எதுவும் இருந்திருக்காது.

இதோடு எனக்கென்று ஒரு குறுக்கு வழி வைத்திருந்தேன். மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணலில் கார்னெட் என்ற கடினமான கல்துகள் உண்டு. உப்புத்தாள் செய்ய வாங்கிப்போகும் சரக்கு. அந்தக் கரையில் கிடந்த நாணயத்தின் முகம் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஆகவே கடற்கரைக்காரர் கையிலிருந்து வந்தால் சேதம். லென்ஸை எடுக்கக்கூட வேண்டாம். இப்படித்தான் பல வருடம் ஓட்டினேன்.

4

செசிலிக்கு ஐம்பது வயதுக்குள் இருக்கும். மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்காரி, நெய்யூர்ப் பக்கம் வீடு வீடாக மீன் விற்பவள். அன்று கூடை இல்லாமல், பூசைக்குப் போகிற சேலையில் வந்திருந்தாள். கையில் ஒரு மாத்திரை டப்பா.

"சார்தானே சக்கரம் பாக்குத ஆளு?"

எங்கள் பக்கத்தில் பணத்தைச் சக்கரம் என்பார்கள். நான்தான் என்றேன். டப்பாவைத் திறந்து மேசையில் கவிழ்த்தாள். கறுத்துப்போன ஒரு இரண்டு ரூபாய். பதினொரு பக்கம் கொண்ட பழையது. ஒரு முகத்தில் இந்திய வரைபடமும் நடுவில் கொடியும் இருக்குமே, அது. வரைபடத்தின் கோடு எங்கும் தேய்ந்திருந்தது. கீழே, தென்முனை இருக்க வேண்டிய இடத்தில், ஒன்றுமே இல்லை.

"இது பெறக்கும்போதே இப்பிடியா, இல்ல மண்ணு தின்னதா? அத மட்டும் சொல்லுங்க."

"விலைக்குன்னா..."

"வெலைக்கு இல்ல சார்."

பிறகு சொன்னாள். அவள் கணவர் சிலுவையிடம் இப்படி ஒரு இரண்டு ரூபாய் இருந்தது. மீன் விற்ற சில்லறையில் வந்தது. செலவழிக்காமல் இடுப்பு பெல்ட்டின் அறையில் வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் எடுத்து நீட்டுவார். "பாத்தியா மக்கா, கெவருமென்டு நம்மள வெட்டி விட்டுட்டு. நம்ம ஊரு இதுல இல்ல" என்பார். கடற்கரை முழுக்க அந்தக் கேலி பிரசித்தம். இப்போது பக்கத்து வீட்டு இஞ்ஞாசி, வலைக்கூடத்துக்குத் தூண் நட மணலில் குழி தோண்டும்போது இதை எடுத்திருக்கிறார். எடுத்த உடனே அந்தக் கேலி ஞாபகம் வந்து அவளிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

"அவிய எங்க இப்போ?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அதுக்குத்தானே சார் வந்தேன்."

2004 கிறிஸ்துமஸ் அன்று வீட்டில் சண்டை. அவள் சொன்னபடியே எழுதிவிடுகிறேன், என் தமிழைப் போட்டுக் கெடுக்க வேண்டாம்.

"கொச்சியில போட்டு வேலைக்குப் போறேன்னாவ. போவாண்டாம், புது வருசம் கழியட்டுன்னு சொன்னேன். ஆரு சொல்லியும் கேக்குத ஆளு இல்ல. பேக்கத் தூக்கிட்டு எறங்கியாச்சு. மறுநா காலம்பற கடலு கேறி வந்துட்டு. கொச்சியில ஆரும் அவியள பாக்கல்ல. இஞ்ச ஒடம்பும் கிட்டல்ல. பஸ்ஸு கேறினாவளா, திரும்பிக் கரைக்கு வந்தாவளா, ஒண்ணும் தெரியாது. நான் செத்தவருக்க பொண்டாட்டியா, வுட்டுட்டுப் போனவருக்க பொண்டாட்டியா? எட்டு வருசமாச்சு சார்."

நாணயம் பிறவியிலேயே முனை இல்லாததானால் அது சிலுவையுடையது. அப்படியென்றால் அவர் பஸ் ஏறவில்லை. அந்தக் காலையில் கரையில்தான் இருந்திருக்கிறார். மணல் தின்றதானால் அது யார் கையிலிருந்தோ விழுந்த வெறும் இரண்டு ரூபாய். என்னுடைய பாடத்தை இப்படிக் கேட்க ஒருத்தி வருவாள் என்று நான் நினைத்ததே இல்லை.

நவம்பர் இரண்டு அவர்களுக்குக் கல்லறைத் திருநாள். இறந்தவர்களின் பெயரை முந்தின நாள் கோயிலில் எழுதிக் கொடுப்பார்கள், பூசையில் வாசிப்பார்கள். ஏழு வருடமாக அவள் அந்த வரிசையில் நின்றிருக்கிறாள். பெயர் எழுதும் உபதேசியார் முதல் வருடம் கேட்டாராம், "உயிரோட உள்ளவருக்கா, மரிச்சவருக்கா?" பதில் தெரியாமல் திரும்பி வந்திருக்கிறாள். அன்றிலிருந்து வருடம்தோறும் மேசை வரை போய்த் திரும்புகிறாள்.

கிளம்பும்போது அவள் கேட்டாள்: "நாகர்கோவில்ல ஆரோ ஒருத்தர்ட்ட இதக் காட்டினதா அவிய"

(இந்த வாக்கியம் இங்கேயே நிற்கட்டும். பிறகு வருகிறேன்.)

5

அவள் நாணயத்தை விட்டுவிட்டுப் போனாள். நான் இரண்டு தம்ளர் கழுவினேன். சாயா போட்டுக் கொடுத்திருந்தேன். உலகம்மாள் போனபிறகு இந்த வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு தம்ளர் கழுவியது அன்றுதான். அது எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து, சாய்ந்த வெளிச்சத்தில், லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மேற்குக் கரைக் கோடும் கிழக்குக் கரைக் கோடும் கீழே வர வர மங்கி, சந்திக்காமலே நின்றுவிட்டன. பள்ளம் இல்லை. ஒதுங்கிய உலோகம் இல்லை. பின்முகத்தில் அடியின் சுவடு இல்லை. மணல் உரசியது உண்மை, ஆனால் எங்கும் ஒரே சீராக. தென்முனை அச்சிலேயே விழவில்லை.*

மறு வியாழன் அவள் வந்தாள். நான், "இன்னும் பாக்கணும்" என்றேன்.

இந்த இடத்தில் இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம். (தாணுமாலயன் என்ற பாத்திரம்.) இவ்வளவு கேவலமாக ஒருவன் இருப்பானா? ஒருத்தி எட்டு வருடமாகக் காத்திருக்கிறாள். பதில் இவன் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஒரு தம்ளர் சாயாவுக்குத் துணை வேண்டும் என்று இவன் அதை வைத்துக்கொள்கிறான். ஒரு வாசகராக நான் இதை நம்ப மாட்டேன். ஆனால் நடந்தது.

அவள் வாழையிலையில் கட்டி நெத்திலிக் கருவாடு கொண்டுவந்திருந்தாள். நான் சைவம். சொல்லவில்லை, சொன்னால் அடுத்த வாரம் ஒன்றும் கொண்டுவர மாட்டாளே. வேறு இடம் தெரியாமல் நாணய அலமாரியில் வைத்தேன். இன்றைக்கும் அந்த அலமாரியைத் திறந்தால் மணவாளக்குறிச்சி வாசம் அடிக்கும்.

அன்று அவள் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள்.

"அம்மையா?"

"பொண்டாட்டி. மூணு வருசமாச்சு. ஆடி பதினெட்டு."

"ஒங்களுக்கு நாளு தெரியும்லா சார். கொடுத்துவச்சவரு."

அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே பொறாமைப்பட்டாள். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம்.

*பிசுக்கு ஒரு நாணயத்தோடு நிற்காது. ஒரே அச்சில் அதேபோல் நூறு விழுந்திருக்கலாம். ஆனால் அந்த நூறில் இரண்டு, அதே கரையில், அதே ஊர்க்காரர்கள் காலடியில் வந்து சேர்ந்தன என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

6

மூன்றாவது வருகை அக்டோபர் இருபத்தைந்து.

"அடுத்த வியாழன் பேரு குடுக்கணும் சார். இன்னிக்காவது சொல்லுங்க."

அன்றும் நான் மறைத்தேன். தனிமை மட்டும் காரணம் என்று போன பகுதியில் எழுதினேன். அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, நடுவில் விட்ட அந்த வாக்கியத்தில் இருக்கிறது. என் பத்திரிகைத் தமிழில், நிபுணர்கள் ஒளிந்துகொள்ள வசதியாக ஒரு சொற்றொடர் உண்டு. அதைச் சொன்னேன்.

"உறுதியா சொல்ல முடியாதும்மா."

அவள் என் கையைப் பார்த்தாள். "ஒங்களுக்கே மனசிலாகலேன்னா, எனக்கு இது எதுக்கு? இஞ்சயே கெடக்கட்டும்" என்று எழுந்தாள். சாயா பாதி குடித்தபடி இருந்தது. பிறகு அவள் வரவில்லை.

நாங்கள் நாணயத்தை ஒரு காகித உறையில் போட்டு, உறைமேல் அது என்னவென்று எழுதி வைப்போம். அவளுடையதையும் உறையில் போட்டேன். மேலே எதுவும் எழுதவில்லை.

7

அந்த வாக்கியம்.

"நாகர்கோவில்ல ஆரோ ஒருத்தர்ட்ட இதக் காட்டினதா அவிய ஒருக்க சொன்னாவ. அந்த ஆளு என்ன சொன்னாருன்னு சொல்லல்ல. அது நீங்க இல்லியே சார்?"

"இல்லை."

நான்தான்.

2004 அக்டோபர், இரண்டாம் ஞாயிறு. நாகர்கோவிலில் ஒரு வாடகை மாடியில் எங்கள் கூட்டம். பழைய நாணயங்களை இலவசமாகப் பார்த்துச் சொல்வோம் என்று நோட்டீஸ் அடித்திருந்தோம், கூட்டம் அலைமோதியது. கைலியும் வெள்ளைச் சட்டையும் போட்ட ஒருவர் என் மேசைக்கு வந்து, பெல்ட்டின் அறையிலிருந்து ஒரு இரண்டு ரூபாயை எடுத்து நீட்டினார். "சார், நம்ம ஊரு இதுல இல்ல, பாத்தியளா?" என்று சிரித்தார். வரிசையில் பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல். நான் நாணயத்தைப் பார்க்கவில்லை. அதை நீட்டிய கையைப் பார்த்தேன். உப்பில் வெடித்த கை. கடற்கரைக்காரர். சேதம்.

"மண்ணு தின்னது. செலவழிச்சிருங்க" என்றேன். லென்ஸ் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

அவர் நாணயத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "செரி சார்" என்று போனார்.

இப்போது என் சிக்கல் உங்களுக்குப் புரியும். இது பிறவியிலேயே முனை இல்லாதது என்று மட்டும் செசிலியிடம் சொன்னால் அது பாதி உண்மை. நான் சொன்னபடி சிலுவை அதை ஏதாவது சாயாக்கடையில் செலவழித்திருந்தால், அலை வந்த நாளில் அது யார் மடியிலோ இருந்திருக்கும். மணலுக்கடியில் நாணயம் இருந்தது என்பதற்காக, அவரும் அங்கே இருந்தார் என்று ஆகாது. அவளுடைய ஒரே சாட்சியை, அது தேவைப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே, நான் கெடுத்து வைத்திருக்கிறேன்.

8

எழுதிப் பார்த்த முடிவுகள்.

அ. சேதம் என்று சொல்கிறேன். சிலுவை எங்கோ ஒரு துறைமுகத்தில் உயிரோடு இருக்கிறார். அவள் கைவிடப்பட்டவளாக மீன் விற்கிறாள். (ஒரு நாள் முழுக்க இந்த முடிவோடு இருந்தேன். சாப்பிட முடியவில்லை.)

ஆ. அவருடையதுதான் என்று சொல்கிறேன், 2004ஐ மறைத்துவிடுகிறேன். அவள் அழுகிறாள், பெயர் கொடுக்கிறாள், எனக்கு நன்றி சொல்கிறாள். இதில் எனக்குக் கிடைக்கும் அந்த நன்றிக்காகவே இதைக் கிழித்தேன்.

இ. சிலுவையே வருகிறார். நரைத்த தாடி, அதே பெல்ட். "சார், துட்டத் தாரும்" என்று கை நீட்டுகிறார். இரண்டு வாரம் இதில் உட்கார்ந்திருந்தேன். அதற்குமேல் அவரை ஒரு சொல்கூடப் பேசவைக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்த சிலுவை "செரி சார்" என்பதோடு முடிந்துவிடுகிறார்.

ஈ.

(நான்காவதை எழுத உட்கார்ந்தபோது நாட்காட்டியைப் பார்த்தேன். 2015 அக்டோபர் முப்பத்தொன்று. பேனாவை மூடிவிட்டேன்.)

9

நவம்பர் ஒன்று ஞாயிறு. மண்டைக்காடு வழியாக மணவாளக்குறிச்சிக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். சட்டைப் பையில் பெயர் எழுதாத உறை.

காலைப் பூசை முடிந்திருந்தது. கோயில் வராந்தாவில் மேசை போட்டு, உபதேசியார் ததேயுஸ் ஒரு நீள நோட்டில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். முப்பது பேர் வரிசை. எட்டாவதாக, அதே பூசைச் சேலையில், செசிலி. இந்த வருடமும் மேசை வரை போய்த் திரும்புவதற்காக நின்றுகொண்டிருந்தாள்.

அவள் பக்கத்தில் போய் நின்றேன். பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

"வந்தியளா" என்றாள்.

கதையில் இந்த இடத்துக்கு நான் பல வாக்கியங்கள் தயாரித்து வைத்திருந்தேன்.

"அந்த நாகர்கோவில் ஆளு நான்தாம்மா" என்றேன்.

வரிசை ஓரடி நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள், நானும் நகர்ந்தேன். முன்னால் ஆறு பேர். எல்லாவற்றையும் சொன்னேன். லென்ஸ் எடுக்காததை, செலவழிக்கச் சொன்னதை, நாணயம் பிறவியிலேயே அப்படி என்பதை, அது அவள் முதல் தடவை வந்த அன்றே எனக்குத் தெரியும் என்பதை, பிறகும் ஏன் வரவைத்தேன் என்பதை. இது அவருடைய நாணயம்தான். ஆனால் அவர் என் பேச்சைக் கேட்டுச் செலவழித்தாரா, வைத்துக்கொண்டாரா என்பது எனக்குத் தெரியாது. அதை எந்த லென்ஸாலும் பார்க்க முடியாது.

பின்னால் நின்ற ஒரு கிழவி, "பையப் பேசும், கோயிலாக்கும்" என்றாள். நான் அழுதுகொண்டிருந்தேன் போலிருக்கிறது.

செசிலி உறையை வாங்கி நாணயத்தை உள்ளங்கையில் கொட்டினாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். முன்னால் மூன்று பேர் இருந்தார்கள்.

"மூணு வருசம்" என்றாள். பிறகு, "அன்னிக்கு நாகர்கோவில்ல இருந்து வந்து, சாயா குடிச்சுட்டு, இதத்தான் எடுத்துப் பாத்துட்டு இருந்தாவ. நான் என்னன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னு பெல்டுல வச்சாவ."

முன்னால் ஒருவர்.

"நீங்க சொன்னதக் கேக்கல்ல சார். அவிய ஆரு சொன்னதையும் கேட்டதில்ல." நாணயத்தைப் பொத்திக்கொண்டாள். "நான் போவாண்டாமுன்னு சொன்னத மட்டும் கேட்டிருக்காவ."

அவர் விட்டுவிட்டுப் போகவில்லை என்பது அவளுக்குத் தெரிந்த அதே நொடியில், போயிருந்தால் பிழைத்திருப்பார் என்பதும் தெரிந்தது. இத்தனை வருடமும் அவள் மேசை வரை போய்த் திரும்பியது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் பதில் அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்ததோ அவ்வளவு பயமும் இருந்திருக்கிறது.

மேசை காலியானது. ததேயுஸ் நோட்டிலிருந்து தலை தூக்கினார்.

"என்ன செசிலி, பேரு குடுக்கியா?"

இந்தக் கதையில் இதற்குமேல் நான் எழுத மாட்டேன். நோட்டில் அடுத்த வரி காலியாக இருக்கிறது. பேனா ததேயுஸின் கையில் இருக்கிறது. நான் அவள் வாய் திறக்கும் முன்பே வராந்தாவை விட்டு இறங்கிவிட்டேன். மூன்று வருடம் அவளுடைய பதிலை நான் வைத்திருந்தேன், இனி அது அவளிடமே இருக்கட்டும். உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் நீங்கள் அங்கே நில்லுங்கள். எனக்கு ஒரு மணி பஸ் இருந்தது.

வீட்டுக்கு வந்து சாயா போட்டுக் குடித்து, ஒரு தம்ளர் கழுவி வைத்தேன்.